மைக்கைத் திறந்துவைத்துச் சோதியுங்கள்: கேமுக்கும் அலுவலக அழைப்புக்கும் ஒரே வயர்லெஸ் ஹெட்செட்

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் இரண்டு நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். பகலில் அலுவலக லேப்டாப்பில் டீம்ஸ் அழைப்புகள், இரவில் சொந்த டெஸ்க்டாப்பில் வேலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம், கூடவே மதுரையிலும் கோவையிலும் இருக்கும் பழைய கல்லூரி நண்பர்களோடு டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேச்சு. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புளூடூத் இயர்பட்ஸில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் டிஸ்கார்டில் சேர்ந்த மறுநொடியே கேமின் ஒலி பழைய டெலிபோன்போல் ஆகிவிடுகிறது, எதிரியின் காலடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிவதில்லை, அலுவலகத்தில் உள்ளவர்களோ உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்கிறார்கள். இன்னும் விலை கூடிய வயர்லெஸ் ஹெட்செட் வாங்கினால் இது சரியாகுமா, வாங்கியதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வி.

இந்த ஊரில் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக ஹெட்செட்டுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வீட்டில் மகனோடு சேர்ந்து கேம் விளையாடுவதும் உண்டு. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் தொல்லைக்கும் விலைக்கும் பெரிய தொடர்பில்லை என்பது. இருபதாயிரம் ரூபாய் புளூடூத் ஹெட்செட்டை அதே கணினியில் அதே முறையில் இணைத்தாலும் இந்தக் குறை பெரும்பாலும் அப்படியே நிற்கும். மைக் திறக்கும்போது புளூடூத் இணைப்பு என்ன செய்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆகவே எந்த ஹெட்செட்டையும் மைக்கைத் திறந்துவைத்து, இரு திசையிலும் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது சோதிக்க வேண்டும். கடையில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கியவர்கள்தான் பின்னால் உங்களைப்போல் தவிக்கிறார்கள்.

புளூடூத்தில் ஒலியை அனுப்ப நெடுங்காலமாக இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருந்துவருகின்றன. ஏ2டிபி என்பது பாட்டுக் கேட்பதற்கானது. கணினியிலிருந்து காதுக்கு ஒரே திசையில், இடம் வலம் என்று இரண்டு தடங்களில், நல்ல தரத்தில் ஒலி வரும், ஆனால் திரும்பிப் பேச அதில் வழி கிடையாது. எச்எஃப்பி என்பது கார் ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுக்காமல் பேசுவதற்கென்று உருவானது. பேசவும் கேட்கவும் முடியும், ஆனால் இரண்டு திசைக்கும் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் தரம் சுருங்கி, ஒலி ஒற்றைத் தடமாகிவிடும். அதன் பழைய வடிவம் நொடிக்கு 8,000 மாதிரிகளை மட்டுமே எடுப்பதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதில் பயணிப்பதில்லை. 2011-இல் வந்த 1.6 பதிப்பு இதை 16,000 மாதிரிகளாக உயர்த்தியது. அப்போதும் எல்லை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. டிஸ்கார்ட் உங்கள் இயர்பட்ஸின் மைக்கைக் கேட்ட நொடியில் விண்டோஸ் முதல் ஏற்பாட்டை விட்டு இரண்டாவதற்குத் தாவுகிறது. பாட்டு டெலிபோனாக மாறும் அந்த நொடி இதுதான்.

காலடியின் திசை ஏன் தொலைகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி அந்தப் பக்கக் காதுக்குச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் வந்து சேர்கிறது. இரண்டு காதுகளுக்கும் உள்ள கால வேறுபாடு ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, ஆனாலும் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. முன்னாலா பின்னாலா, மேல்தளமா கீழ்த்தளமா என்பதை, காதுமடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்பும் உயர் அதிர்வெண்கள் சொல்கின்றன. ஒற்றைத் தடமானால் முதல் குறிப்பு முழுதாகப் போய்விடும். உயர் அதிர்வெண்களை வெட்டினால் இரண்டாவதும் போய்விடும். அலுவலக அழைப்பிலும் இதே இழப்பு வேறு உருவத்தில் வரும். சர்வர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது நீங்கள் ‘எஸ்’ என்பது அவருக்கு ‘எஃப்’ என்று கேட்பதற்குக் காரணம், அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறொலியில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதுதான்.

பணம் எதுவும் செலவழிக்காமல் இன்றிரவே ஒன்றைச் செய்து பாருங்கள். டிஸ்கார்டின் அமைப்பில் ஒலி வெளியே வருவதற்கு இயர்பட்ஸையும், உள்ளீட்டுக்கு வேறொரு மைக்கையும் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் அதன் சொந்த மைக் போதும். டெஸ்க்டாப்பில் வெப்கேமின் மைக் இருந்தால் அதைக் கொடுங்கள். இயர்பட்ஸின் மைக்கை யாரும் கேட்காதவரை அது நல்ல தரத்திலேயே நிற்கும். டீம்ஸிலும் இதே வழி செல்லும். அதோடு, விண்டோஸின் பழைய ஒலி அமைப்புப் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பக்கத்தைத் திறந்தால், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி இயல்பாகவே குறித்திருக்கும். ‘எதுவும் செய்யாதே’ என்பதற்கு மாற்றிவிடுங்கள். பேச்சு தொடங்கியதும் கேமின் ஒலி அமுங்கிப்போவதற்குப் பலருடைய கணினியில் இந்த ஒரு குறியே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய வழி ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது. எல்ஈ ஆடியோ என்ற பெயரில் 2020-இல் அறிவிக்கப்பட்ட முறை, எல்சி3 என்ற புதிய கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறையை) கொண்டு, மைக் திறந்திருக்கும்போதும் இரு தடத் தரமான ஒலியைத் தரவல்லது. ஆனால் ஹெட்செட், கணினியின் புளூடூத் சிப், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள், விண்டோஸ் பதிப்பு ஆகிய நான்கும் அதை ஏற்க வேண்டும். உங்கள் டெஸ்க்டாப் நான்கு ஆண்டுப் பழையது என்று சொன்னீர்கள். இப்போதைக்கு அதை நம்பி வாங்க வேண்டாம்.

மேலே சொன்ன இலவசத் தீர்வு தரத்தை மீட்கும், தாமதத்தைத் தீர்க்காது. சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லி நொடி வரை ஆவது வழக்கம். படம் பார்க்கும்போது இது தெரியாததற்குக் காரணம், அடுத்து என்ன வரப்போகிறது என்பது பிளேயருக்கு முன்பே தெரியும். ஒலி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு படத்தையும் பிந்தவைத்து உதட்டசைவைச் சேர்த்துவிடும். கேமில் ஒலி உங்கள் விரலிலிருந்தும் எதிரியின் விரலிலிருந்தும் அந்தக் கணத்தில் பிறக்கிறது. அதற்காகப் படத்தை நிறுத்திவைக்க முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படச்சட்டத்துக்கு 16.7 மில்லி நொடி என்று வைத்தால், 200 மில்லி நொடித் தாமதம் என்பது பன்னிரண்டு சட்டங்கள். எதிரி மூலையைத் தாண்டி உங்கள் கண்முன் வந்து நின்ற பிறகு அவருடைய காலடியைக் கேட்கிறீர்கள்.

இந்தத் தாமதத்தை நீங்களே அளக்கலாம், விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். வேலோரன்டின் பயிற்சி அரங்கில் நுழைந்து, கைபேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, அதை மவுஸுக்குப் பக்கத்தில் வைத்து, ஹெட்செட்டின் ஒரு காதை அதன் மைக்கின்மேல் சாய்த்துவிடுவேன். பிறகு மவுஸை ஓசை வரும்படி அழுத்தி, பத்துத் தடவை ஒற்றைத் தோட்டாவாகச் சுடுவேன். அந்தப் பதிவை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் மவுஸின் ‘டக்’ என்ற சிறு முள்ளும், சற்றுத் தள்ளித் துப்பாக்கிச் சத்தத்தின் பெரிய முள்ளும் அலைக்கோட்டில் தெளிவாகத் தெரியும். இரண்டுக்கும் இடையை அளந்து பத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். இதே சோதனையைச் சாதாரணக் கம்பி இயர்போனிலும் செய்து, அந்த எண்ணைக் கழித்துவிட்டால் கணினியின் தாமதமும் கேமின் தாமதமும் நீங்கி, வயர்லெஸ் இணைப்பு மட்டும் சேர்த்த தாமதம் கையில் நிற்கும். என் மேசையில் புளூடூத் ஹெட்செட் ஒன்று கம்பியைவிட ஏறத்தாழ 190 மில்லி நொடி கூடுதலாகக் காட்டியது. டாங்கிள் வழியாக, அதாவது கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வயர்லெஸ் கருவி வழியாக, இணையும் ஒன்று 30-க்குள் நின்றது. விளையாடும்போது இந்த முப்பதை என்னால் உணர முடியவில்லை, என்னைவிட வேகமான காதுள்ள என் மகனாலும் முடியவில்லை.

எனவே உங்களுக்கு வேண்டியது யூஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட். இதுவும் புளூடூத்தும் ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் ஓடுகின்றன, ஆனால் டாங்கிளையும் ஹெட்செட்டையும் ஒரே நிறுவனம் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்வதால், பாட்டுக்கு ஒன்று பேச்சுக்கு ஒன்று என்ற பழைய பிரிவினை அதில் கிடையாது. கணினிக்கு அது ஒரு சாதாரண யூஎஸ்பி ஒலிக்கருவியாகத் தெரியும். மைக்கைத் திறந்தாலும் காதில் வரும் ஒலி இரு தடமாகவே நிற்கும்.

ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைப்போல நெரிசலான இடம். ரூட்டர், மவுஸ், கீபோர்டு, பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்தச் சிறு பட்டையில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பகுதியில் கட்டடங்கள் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பதால் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர்கள் வரும். டாங்கிளை வாங்குவதற்கு முன்பே கணினியையும் லேப்டாப்பையும் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றிவிடுங்கள். நெரிசலில் உங்கள் வீட்டுப் பங்காவது குறையும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் டாங்கிள் ஹெட்செட் வாங்கியபோது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரகரவென்று ஒலி அறுந்தது. கருவி பழுது என்று முடிவு செய்து திருப்பி அனுப்பினேன். மாற்றி வந்ததும் அதே கதை. இரண்டாம் முறையும் அறுந்தபோதுதான் டாங்கிளைக் குனிந்து பார்த்தேன். கணினிப் பெட்டியின் பின்புறத்தில், நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் அதைச் செருகியிருந்தேன். அதற்கு ஒட்டினாற்போல் வெளி ஹார்ட் டிஸ்கின் கேபிள், பின்னால் சுவர், பக்கத்தில் இரும்பு பீரோ. யூஎஸ்பி 3.0-இல் தரவு ஓடும்போது அது எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் என் ஹெட்செட் அறுந்ததற்குக் காரணம் அதுதான். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் மானிட்டரின் காலடியில், என் கண்ணுக்கு நேராக வைத்தேன். அன்றிலிருந்து ஒருமுறைகூட அறுபடவில்லை. மனித உடலும் இந்த அலைகளை உறிஞ்சுவதால், டாங்கிளுக்கும் தலைக்கும் நடுவில் மேசையும் உங்கள் தொடையும் இல்லாதபடி வைப்பது பாதி வெற்றி.

இனி மைக். எல்லோரும் காதில் விழும் ஒலியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அழைப்பில் உங்கள் மதிப்பைத் தீர்மானிப்பது மறுமுனையில் விழும் ஒலி, அதை நீங்கள் ஒருபோதும் கேட்பதில்லை. அதனால்தான் இதைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பெட்டியில் ஏஎன்சி என்று போட்டிருந்தால் அது உங்கள் காதுக்குள் வெளிச்சத்தம் வராமல் தடுப்பது. மறுமுனைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஈஎன்சி என்று போட்டிருப்பதுதான் மைக்கில் புகும் சத்தத்தைக் குறைப்பது. ஏஎன்சியானது மின்விசிறி, ஏசி, ஜெனரேட்டர் போன்ற ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலை நன்றாகத் தணிக்கும். ஆட்டோ ஹாரனையும் அறை நண்பரின் பேச்சையும் அவ்வளவாகத் தணிக்காது.

மைக்கைப் பொறுத்தவரை எந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி தூரம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் உயரும். இயர்பட்ஸின் மைக் காதோரம், வாயிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கன்னத்தோரமாக நீண்டு வரும் பூம் மைக்கை மூன்று சென்டிமீட்டரில் வைக்கலாம். அதாவது, அறையின் சத்தம் அப்படியே இருக்க, உங்கள் குரல் மட்டும் 12 டெசிபெல் மேலே நிற்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தார் சொன்னதற்கு இந்தத் தூரம் ஒரு முக்கியக் காரணம். பூம் மைக்கையும் உதட்டுக்கு நேர் எதிரே வைக்கக்கூடாது. ‘ப’வும் ‘ட’வும் சொல்லும்போது மூச்சு மோதி வெடிக்கும். உதட்டின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் இடைவெளியில், சற்றுக் கீழே வையுங்கள்.

அடுத்தது இரைச்சல் நீக்கம் தமிழுக்குச் செய்யும் தீங்கு. ஹெட்செட்டில் ஒரு நீக்கம் ஓடுகிறது, டீம்ஸில் ஒன்று, டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்று ஒன்று. இரண்டு மூன்று சேர்ந்தால், குரல் தணியும் இடங்களையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி வெட்டத் தொடங்கும். நாம் பேசும்போது குரல் தணிவது பெரும்பாலும் சொல்லின் கடைசியில். தமிழில் காலமும் இடமும், நடந்ததா நடக்கவில்லையா என்பதும் அந்தக் கடைசியில்தான் இருக்கின்றன. “அனுப்பினேன்”, “அனுப்பலை” இரண்டிலும் முன்பாதி ஒன்றே. எங்கள் மையத்தில் ஒரு முறை தமிழ் வாடிக்கையாளர்களின் அழைப்புகளில் மட்டும் “மறுபடி சொல்லுங்க” என்பது அதிகமாக வருவதைக் கவனித்துப் பதிவுகளைக் கேட்டோம். “பணம் வரலை” என்று ஊழியர் சொன்னது “பணம் வர” என்று நின்றிருந்தது. புதிதாகப் போட்ட இரைச்சல் நீக்கத்தை ஒரு படி குறைத்ததும் நிலைமை சீரானது. ஆகவே மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் செயலியில் உள்ளதை வைத்துக்கொண்டு ஹெட்செட்டில் உள்ளதை அணைப்பதே நல்லது. உங்கள் வீட்டில் எது நன்றாக இருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சோதிக்க அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காலையில் குப்பை வண்டி பாட்டோடு வரும்போது, சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது, மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு, எச்ஏஎல் ஓடுதளத்திலிருந்து விமானம் கிளம்பி உங்கள் கூரைக்கு மேலே போகும்போது பேசிப் பதிவு செய்யுங்கள். உங்கள் பகுதியில் இது அன்றாடம் நடப்பதால் காத்திருக்க வேண்டியதும் இல்லை. டீம்ஸிலும் ஜூமிலும் சோதனை அழைப்பு வசதி இருக்கிறது, டிஸ்கார்டில் மைக் சோதனை இருக்கிறது; அவற்றில் உங்கள் குரலை நீங்களே திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு ஊரில் இருக்கும் அம்மாவையோ அத்தையையோ கணினியிலிருந்தே அழைத்து, ஒரு முகவரியையும் பத்து இலக்க எண்ணையும் ஒரு தடவை மட்டும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வயதாகும்போது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குறைவதால் அவர்களுக்குத் தெளிவாக விழுந்தது யாருக்கும் விழும். என் அத்தை சேலத்தில் இருக்கிறார், வயது எழுபத்தொன்று. அவர் “இன்னொரு தடவை சொல்லுப்பா” என்று கேட்ட எந்த ஹெட்செட்டையும் நான் வைத்துக்கொண்டதில்லை.

சைடுடோன் என்ற ஒரு வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பேசும்போது உங்கள் குரலே சிறிது உங்கள் காதில் திரும்ப விழுவது அது. பழைய தொலைபேசிகளில் இயல்பாகவே இருந்தது. காதை முழுதும் மூடும் ஹெட்செட்டில் இது இல்லையென்றால் நம் குரல் நமக்குக் கேட்காமல் நம்மையறியாமல் கத்துவோம். இரவு ஒரு மணிக்கு அடுத்த அறையில் நண்பர் தூங்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

பெட்டியில் 7.1 (சுற்றிலும் எட்டு ஒலிபெருக்கிகள் இருப்பதுபோன்ற ஒலி) என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். இரண்டு காதுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள்தான், மீதமெல்லாம் கணக்கீடு. வேலோரன்டிலும் கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் எச்ஆர்டிஎஃப் என்ற அந்தக் கணக்கீடு கேமுக்குள்ளேயே இருக்கிறது, எதிரி நிற்கும் இடமும் கேமுக்குத் துல்லியமாகத் தெரியும். ஹெட்செட்டின் 7.1-ஐயும் சேர்த்துப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கணக்கீடுகள் நடந்து திசை குழம்பும். கேமில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

அலுவலக லேப்டாப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் தடுக்கி விழும் இடம் அது. பல நிறுவனங்கள் யூஎஸ்பி துளைகளைப் பூட்டிவைக்கின்றன. பென் டிரைவை மட்டும் தடுக்கிறார்களா, எல்லாவற்றையுமா என்பதை வாங்குவதற்கு முன் உங்கள் ஐடி பிரிவில் கேளுங்கள். கேமிங் ஹெட்செட்டுகளோடு வரும் மென்பொருளை அட்மின் அனுமதி இல்லாமல் அதில் நிறுவவும் முடியாது. ஆகவே சைடுடோன் அளவு, மைக் அளவு போன்றவற்றை வீட்டு டெஸ்க்டாப்பில் சரிசெய்துவிட்டு, டாங்கிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, அவை அப்படியே நிற்கின்றனவா என்று பாருங்கள். சில கருவிகள் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், சில மென்பொருள் இல்லாத கணினியில் எல்லாவற்றையும் மறந்துவிடும். மியூட்டும் அப்படித்தான்: கேமிங் ஹெட்செட்டில் மைக்கை மேலே மடித்தால் குரல் நிற்கும், ஆனால் டீம்ஸின் திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டக்கூடும். திரையை நம்பாமல், மைக்கின் நுனியில் மியூட்டைக் காட்டும் விளக்கு இருந்தால் அதைப் பார்த்துப் பழகுங்கள்.

அணியும் வசதியை ஐந்து நிமிடத்தில் அறிய முடியாது. நீங்கள் கண்ணாடி அணிபவர் என்பதால் ஒன்றரை மணி நேரம் கழற்றாமல் அணிந்து பாருங்கள். கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுந்தினால் அது பழகப் பழகச் சரியாகும் என்று எண்ண வேண்டாம். முந்நூறு கிராமுக்கு மேல் போனால் கழுத்து சொல்லும். குஷனைக் கழற்றி மாற்ற முடியுமா என்பது முக்கியம், ஏனெனில் செயற்கைத் தோல் வியர்வையில் இரண்டு ஆண்டுகளில் உரிந்துவிடுகிறது. பேட்டரியில் அறிவிக்கும் மணிக்கணக்குகளுக்கு இடையே பெரும் வேறுபாடு உண்டு: லாஜிடெக் ஜி435-க்கு 18 மணி நேரம் என்கிறார்கள், ஹைபர்எக்ஸ் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ்ஸுக்கு 300 மணி நேரம். ஜி435 வெறும் 165 கிராம், கண்ணாடி அணிந்தவருக்கு மிக இதம்; ஆனால் அதில் பூம் மைக் கிடையாது, நான் மேலே சொன்ன தூரக் கணக்கு அதற்கு எதிராக நிற்கும். டாங்கிளில் கேமும் புளூடூத்தில் கைபேசியும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா 7 போன்றவற்றில் அந்த வசதி இருக்கிறது, விலையும் அதற்கேற்பக் கூடும். உங்கள் தேவைக்கு அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒலியளவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான எல்லையாகச் சொல்கிறது; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 86 டெசிபெல் என்றால் வாரத்துக்குப் பத்தே மணி நேரம். பகலில் அழைப்பும் இரவில் கேமும் ஒரே ஹெட்செட்டில் என்றால் உங்களுடைய 40 மணி நேரம் வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும். காலடி கேட்க வேண்டும் என்று மொத்த ஒலியையும் ஏற்றாதீர்கள். நன்றாக மூடும் குஷனும், உயர்ந்த தாழ்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் சிறு மாற்றமும் அதே வேலையைக் குறைந்த ஒலியில் செய்யும்.

எங்கே வாங்குவது என்பதற்கு: பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விலை பேசலாம், ஆனால் முத்திரை பிரித்த பெட்டியைத் திருப்பி எடுப்பவர்கள் அரிது. மால்களில் அணிந்து பார்க்கலாம், எடையும் அழுத்தமும் தெரியும், மைக் தெரியாது. எனவே அங்கே தலைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள். வாங்கும்முன் ‘பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றுப் பொருள் மட்டுமா’ என்ற வரியைப் படியுங்கள். பல மின்னணுப் பொருள்களுக்கு மாற்று மட்டுமே, அதுவும் ஏழு நாளுக்குள். பூம் மைக், டாங்கிள், மாற்றக்கூடிய குஷன், சைடுடோன் ஆகிய நான்கும் உள்ள ஒன்று ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் பயன்பாட்டுக்குத் தேவையில்லை. பொருள் வந்த அன்றே நீட்டிப்பு கேபிளில் டாங்கிளைச் செருகி, விசிறியை ஓடவிட்டு, டிஸ்கார்டும் கேமும் ஒன்றாக ஓடும்போது “பணம் வரலை, நாளைக்கு அனுப்பலை, நான் போகலை” என்று இயல்பான குரலில் பேசி மறுமுனையில் நண்பரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவில் ‘லை’ என்ற கடைசி எழுத்து மூன்றிலும் தெளிவாகக் கேட்க வேண்டும். இரைச்சல் நீக்கங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்த பிறகும் அது கேட்கவில்லையென்றால், ஏழாம் நாள்வரை காத்திருக்காமல் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.